ஒத்தைக் காதுத் தோடு

1

போன ஞாயித்துக்கிழமை கருமத்தம்பட்டிக்குப் போன் போட்டேனுங்க. வாரா வாரம் போடறதுதான். எடுத்த எடுப்புல எந்தங்கச்சி சரசு கேட்டா, "அண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு கண்ணு."

"பாப்பாவுக்கு இன்னொரு காதும் குத்திப்போட்டமுங்ணா."

இங்க மெல்போர்ன்ல அப்ப மத்தியானம். ஜன்னல் திரையை இழுத்து உட்டுட்டு, இருட்டுல உக்காந்துதான் நான் போன் பேசறது. வெளிச்சமும் பேச்சும் சேந்தா என் தலை தாங்காது. அவ சொன்னதைக் கேட்டுப்போட்டு, "அப்படியா, நல்லதாப் போச்சு"ன்னேன். வாய்தான் சொல்லுச்சு.

பாப்பான்னா சரசுவோட ஒரே பொண்ணு கோகிலா. மூணாங்கிளாஸ் படிக்கிறா. நாலு வருசமா அவளுக்கு இடது காதுல மட்டுந்தான் தோடு. வலது காது வெறுங்காது. அது தாய்மாமன் எனக்குன்னு வெச்சிருந்த காதுங்க. மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும்னு அவளோட அம்மா ஒத்தக் கால்ல நின்னா. ஆனா இந்த நாலு வருசமா நான் ஊருப்பக்கம் திரும்பிப் போகவே இல்லை.

பொண்ணுக்கு ஒரு காது குத்தி ஒரு காது குத்தாம உடுவாங்களா, இதென்ன கூத்துன்னு நீங்க கேப்பீங்க. கேக்க வேண்டியதுதான். அதைச் சொல்லோணும்னா என் தலையில பொட்டி விழுந்ததுல இருந்து ஆரம்பிக்கோணுங்க.

2

நான் பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில லேத் ஓட்டிக்கிட்டு இருந்தவன். தொண்ணூறாம் வருசம் பொண்டாட்டி கமலத்தையும் மூணு வயசு நித்யாவையும் கூட்டிக்கிட்டு இந்த நாட்டுக்கு வந்தேன். நம்மூரு டர்னருக்கு இங்க நல்ல மரியாதை. அளவெடுத்தாத் தப்பாதுன்னு பேரு வாங்கினேன்.

வந்த அடுத்த வருசம் கம்பெனி முத்தத்துல, அடுக்கி வெச்ச மரப்பொட்டியில ஒண்ணு சரிஞ்சு பொடனிக்கு மேல விழுந்துச்சு. நெனப்புத் தப்பிப்போச்சு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப டாக்டர் சிரிச்சுக்கிட்டே, "நீ அதிர்ஷ்டசாலி"ன்னாரு. கை வருது, கால் வருது, பேச்சு வருது. தையல் தழும்பையும் முடி மூடிக்கிச்சு. பாத்தா ஒரு கொறையும் தெரியாது. அந்தத் தெரியாததுதான் எனக்கு வெனையாப் போச்சு.

நம்ம பக்கத்துல சடவுன்னு சொல்லுவாங்களே, நாளெல்லாம் களை வெட்டிட்டு வந்து அப்பாடான்னு உக்காந்தா உடம்பு கெடக்குமே, அது. அந்தச் சடவு பொட்டி விழுந்த நாள்ல வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் போகலீங்க. களை வெட்டினவன் தூங்கி எந்திரிச்சாத் தீந்துபோகும். எனக்குத் தூங்கினாலும் தீராது. இது உடம்புச் சடவு இல்லை. மூளைக்கு வந்த சடவு.

கோடையில நம்ம தோட்டத்துக் கெணறு எப்படி? மோட்டாரைப் போட்டா ரெண்டு பாத்தி பாயறதுக்குள்ள கெணறு வத்திப்போகும். அப்பறம் ஊத்துத் தண்ணி ஊறற வரைக்கும் கம்முனு காத்திருக்கோணும். என் தலை இப்ப அந்தக் கெணறுங்க. குளிச்சாத் தண்ணி செலவு. காய்கறிக் கடையில நாலு பேரு பேசினாத் தண்ணி செலவு. டிராம்ல எதுத்தாப்ல கொழந்தை அழுதா அதுக்கும் செலவு. வத்திப்போச்சுன்னா முதல்ல இங்கிலீசு போகும். அப்பறம் தமிழு போகும். கமலத்தைப் பாத்து, "அதை எடு"ம்பேன். எதைன்னு கேட்டா எனக்கே தெரியாது. பேனாவுக்குப் பேரு வராது. கையை மட்டும் ஆட்டுவேன்.

வருசத்துக்கு ஒருக்கா சர்க்காரு ஆபீசுல கூப்பிட்டு, வேலைக்கு லாயக்கான்னு என்னைப் பரிசோதிப்பாங்க. மொதல் வருசம் எனக்காக ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவை மொழிபெயர்க்க வெச்சிருந்தாங்க. தங்கமான மனுசி. "எப்படி இருக்கிறியள்?"னு கேட்டாங்க. "நல்லா இருக்கறனுங்க"ன்னேன். "களைப்பு இருக்குதோ?" "ஏதோ கொஞ்சமுங்க." "ஆக்களோட கதைக்கக் கஷ்டமோ?" "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." ஆபீசர் ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டாரு. ஒரு மாசங் கழிச்சுக் கடுதாசி வந்துச்சு, நான் முழுநேர வேலைக்குத் தகுதின்னு! கமலம் தலையில அடிச்சுக்கிட்டா. "ஏனுங்க, முடியலைன்னா முடியலைன்னு சொல்றதுக்கு என்னங்க கேடு?"

என்ன பண்றது? முன்னப்பின்ன தெரியாத மனுசங்க அக்கறையா விசாரிக்கறப்போ மூஞ்சியத் தூக்கிக்கிட்டு, எனக்கு முடியலைன்னு எப்படிங்க சொல்றது? நம்மூர்ல சாகக் கெடக்கறவன் கூட, "இருக்கறனுங்க, நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னுதானே கேப்பான். அந்த வழக்கத்தை நான் கப்பல் ஏத்திக் கொண்டாந்துட்டேன்.

திரும்ப லேத்துக்குப் போனேன். ஓடற லேத்து முன்னால நின்னுக்கிட்டே கண்ணு சொருகிருச்சு. பக்கத்து ஆளு பாய்ஞ்சு சுவிச்சை அணைச்சான். இல்லாட்டி இந்தக் கை இன்னைக்கு இருக்காது. அதோட என் தொழிலு முடிஞ்சுதுங்க. கமலம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையக்கட்டுல வேலைக்குப் போனா. இன்னமும் போறா.

3

நித்யாவைப் பத்தியும் சொல்லோணும். அவ சத்தம் போடாம வளந்த கொழந்தைங்க. கதவைச் சாத்துனாச் சத்தம் வராது. படியில எறங்கினாச் சத்தம் வராது. கூடப் படிக்கறதுகளை ஊட்டுக்குக் கூட்டி வரமாட்டா. பொறந்த நாளுன்னா அவதான் அடுத்தவங்க ஊட்டுக்குப் போவா.

சின்னதுல ஓயாமப் பேசுவா. நாலு வார்த்தை பேசறதுக்குள்ள அப்பன் மூஞ்சி மாறறதை அதுவாப் பாத்துக்கிச்சு. எனக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு பேச்சைச் சுருக்குச்சு. அப்பறம் யெஸ், நோ, லேட்டர், இம்புட்டுதான். பாசத்துலதான் சுருக்கினா, எனக்குத் தெரியாதா? ஆனா அப்படிச் சுருங்கின பேச்சு அப்பறம் நீளவே இல்லை. இப்ப பன்னெண்டு வயசாச்சு. போன்ல பிரெண்டுகிட்டப் பேசறப்ப வாய் ஓயாமச் சிரிக்கிறா. நான் ரூமுக்குள்ள வந்தா நிறுத்திப்போடறா. அடப்பாவி, எனக்காக நிறுத்தாத கண்ணுன்னு சொல்லத் தோணும். சொன்னா அவ பேசுவா, எனக்குத் தலை சுத்தும். என்ன பொழப்பு இது!

4

தொண்ணூத்தஞ்சுல கமலத்தையும் நித்யாவையும் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்தேன். வராம இருக்க முடியாத காரியங்க அது.

சரசுவுக்குக் கல்யாணமாகி எட்டு வருசங் கழிச்சுப் பொறந்தவ கோகிலா. ஒரு வயசுல குத்த வேண்டிய காதை, "எங்கண்ணன் வரட்டும், அவரு மடியிலதான்"னு சொல்லி நாலு வயசு வரைக்கும் தள்ளிப்போட்டா. மாமியாக்காரி சாடைபேசியும் அசையல. நான் கடுதாசியில எல்லாம், "தலை குணமாயிருச்சு, கவலைப்படாதே"ன்னு எழுதிக்கிட்டு இருந்தவன். அப்பறம் வரமுடியாதுன்னு என்னன்னு எழுதறது?

சரசு ஊட்டை ஒட்டியே தறிக்கொட்டாய். மாப்பிள்ளை பழனிச்சாமி நாலு விசைத்தறி ஓட்டறாரு. சரசு சின்னதுல இருந்து தூங்குனதே பக்கத்துக் கொட்டாய்த் தறிச்சத்தத்துலதான், எனக்கும் ஒரு காலத்துல அது தாலாட்டு மாதிரி. இப்ப அந்தச் சத்தம் கபாலத்துக்குள்ள ஆணி அடிச்சுச்சுங்க. பிளேன்ல வந்த அசதின்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன். படுத்த கொஞ்ச நேரத்துல தறி நின்னுபோச்சு. மாப்பிள்ளை எட்டிப் பாத்து, "கரண்ட் போயிருச்சுங்க மச்சான், நல்லாத் தூங்குங்க"ன்னாரு. மறுநாளும் நான் படுக்கப் படுக்கக் கரண்ட் போச்சு. நம்மூரு கரண்டு இப்படியான்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறந்தான் கமலம் சொன்னா, பக்கத்து ஊட்டுல டிவி அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு. மச்சான் தூங்கறதுக்காகத் தறியை நிறுத்திப்போட்டு, மனுசன் கரண்டு மேல பழியப் போட்டிருக்காரு!

சொன்னேனே, நான் முடியலைன்னு சொல்ல மாட்டேன். அவரு உங்களுக்காகத்தான் நிறுத்தறேன்னு சொல்ல மாட்டாரு. ரெண்டு பேரும் ஒரே மண்ணுதானுங்க.

5

ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம். அவிநாசி ரோட்டுக்கு உள்ளார ஒரு சின்ன மண்டபம். ரெண்டு கூம்பு ஸ்பீக்கரு, மேளம், சொந்தபந்தம்னு ஊரெல்லாம் ஒறம்பரை. நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோட வாசல்ல நின்னேன். தாய்மாமன் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லி, "வாங்க, வாங்க"ன்னு கூப்பிடோணும். ஒருத்தரை உட்டுட்டாப் போச்சு. "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே"ன்னு மூணு தலைமொறைக்குப் பேச மாட்டாங்க. இது உங்களுக்கு நான் சொல்லோணுமா என்ன?

எனக்கு அதுல இன்னொரு வீம்பும் இருந்துச்சு. எங்கப்பாவும் அம்மாவும் அடுத்தவங்க தோட்டத்துல பண்ணையத்துக்கு இருந்தவங்க. எங்கப்பாவை ஆயுசு முச்சூடும் எந்த வாசல்லயும் யாரும் வாங்கன்னு சொன்னதில்லை. பின்னால போயி நில்லும்பாங்க, நிப்பாரு. அவரு பேத்திக்கு மண்டபம் புடிச்சுச் சீர் பண்றோம், அந்தத் தோட்டத்துக்காரரே பைக்குல வந்து எறங்கறாரு, "வாங்க"ன்னு நான் சொல்றேன். "இருக்கட்டும் நடராசு, நல்லாயிருக்கீங்களா?"ன்னு அவரு என்னைக் கேக்கறாரு. இருக்கீங்களாவாம், இருக்கறயா இல்லை! செவுத்துல போட்டோவா இருக்கற எங்கப்பா கேட்டிருந்தா அழுதிருப்பாரு.

அப்பவே கெணத்துல தண்ணி இல்லீங்க. பாதிப் பேரு வந்தப்பவே காதுக்குள்ள கொய்யுன்னு ஆரம்பிச்சுருச்சு. கமலம் வந்து மெதுவா, "போதும், உள்ள வந்து சித்தெ படுங்க"ன்னா. "இன்னும் மேக்கால தெருக்காரங்க வரலை"ன்னேன். அவுங்களும் வந்தாங்க. வாங்கன்னேன். ஆஸ்திரேலியாவுல மழை பேயுதுங்களான்னு கேட்டாங்க. பேயுதுங்கன்னேன். சம்பளம் கேட்டாங்க, ஆடு மேய்ப்பாங்களான்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் சிரிச்சுச் சிரிச்சுப் பதில் சொன்னேன்.

ஆசாரி வந்து உக்காந்தாச்சு. சீர்த்தட்டு வெச்சாச்சு. கோயமுத்தூர்ல நான் பாத்துப் பாத்து வாங்கின சேப்புக்கல் தோடு தட்டுல இருக்குது. "மாமனைக் கூப்பிடுங்க"ன்னு மைக்குல சொன்னாங்க. "மூஞ்சி கழுவிட்டு வாரேன்"னு சாமான் ரூமுக்குள்ள போனேன். அரிசி மூட்டை மேல சாஞ்சேன். ஒரே ஒரு நிமிசம்னுதான் சாஞ்சேன்.

அப்பறம் நடந்தது எல்லாம் கமலம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆளு மாத்தி ஆளு வந்து கூப்பிட்டிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும், "வாரேன்"னு தெளிவாப் பதில் சொல்லியிருக்கறேன். கண்ணு தொறக்கலை. நித்யா, அப்ப அவளுக்கு எட்டு வயசு, ரூம் வாசல்ல கையை விரிச்சுக்கிட்டு நின்னு, "அப்பா தூங்குது, நோ"ன்னு வந்தவங்களை எல்லாம் மறிச்சிருக்கறா. நல்ல நேரம் போய்க்கிட்டே இருந்துச்சு. மாமியாக்காரி கத்த ஆரம்பிச்சா. எனக்குப் பதிலா எங்க பங்காளி ஒருத்தனை உக்கார வெச்சு அவன் மடியில பாப்பாவுக்கு இடது காதைக் குத்திப்போட்டாங்க.

அப்பத்தான் கூட்டத்துல எவனோ சொல்லியிருக்கான், "மாமன் பாரின் சரக்குல மட்டையாயிட்டாரு போல." நாலு பேரு சிரிச்சிருக்காங்க.

சரசு ஆசாரி கையைப் புடிச்சுக்கிட்டாளாம். "போதும், வைங்க ஊசியை. எங்கண்ணன் பீடி கூடக் குடிக்காத மனுசன். மண்டையில அடிபட்டவரு. இன்னொரு காது அவரு எந்திரிச்சு வந்தப்பறம்." மாமியா கத்தியிருக்கறா, ஆசாரி அபசகுனம்னு சொல்லியிருக்காரு, மாப்பிள்ளை கெஞ்சியிருக்காரு. அவ ஊசியைத் தொட உடலை.

நான் பொழுதெறங்க எந்திரிச்சேன். பந்தி முடிஞ்சு எலை எடுத்தாச்சு. பாப்பா ஒத்தக் காதுல சேப்புக்கல்லோட, அழுது வீங்கின மூஞ்சியோட என் பக்கத்துல உக்காந்து முட்டாயி தின்னுக்கிட்டு இருந்தா. மறுநாளும் அதுக்கு மறுநாளும் என்னால தலை தூக்க முடியல. அப்பறம் ஆடி பொறந்துருச்சு. ஆடியில எவன் காது குத்துவான்? ரிட்டர்ன் டிக்கெட் தேதி வந்துருச்சு. "அடுத்த வருசம் வாரேன்"னு சொல்லிக் கெளம்பினேன்.

6

அந்தப் பயணத்துக்கு அப்பறம் நான் ஒழுங்கா எந்திரிச்சு நடமாட ஒரு வருசத்துக்குப் பக்கமாச்சு. ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசம்னு சொன்னேன். இன்னொரு தோடு அரிசி டப்பாவுக்குள்ள பொட்டலமா இருக்குதுன்னு சரசு சொல்லுவா. நான், "பத்திரமா வையி"ம்பேன்.

நாலு வருசத்துக்கு அப்பறம் போன ஞாயித்துக்கிழமை சொல்றா, குத்திப்போட்டமுன்னு.

"இஸ்கோல்ல பிள்ளைங்க ஒத்தக்காதி ஒத்தக்காதிங்குதுங்கங்ணா. ஆண்டு விழாவுல டான்ஸு. ஜிமிக்கி மாட்டோணும், ஒரு காதுல எப்படிம்மா மாட்டறதுன்னு அழுகறா. ஒப்பணக்கார வீதியில ஒரு நகைக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். என்னமோ துப்பாக்கியாட்ட வெச்சுச் சட்டுனு குத்திப்போட்டாங்க."

"யாரு மடியில?"

"ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டாளுங்ணா. மடியெல்லாம் வேண்டாம்னுட்டாங்க."

"அழுதாளா?"

"இல்லீங்ணா. சிரிச்சா."

"சிரிச்சாளா!"ன்னேன். அவ பதறி, "கோவமுங்களா? நீங்க அடுத்த வருசம் வாங்க, வேற ஏதாச்சும் சீர் பண்ணிக்கலாம்"னா. வழக்கம்போல வாய் வரைக்கும் வந்துச்சு, ஆகட்டும் கண்ணு, வாரேன்னு. வந்ததை முழுங்கிட்டேன்.

"எனக்கு முடியறதில்லை சரசு"ன்னேன். "குணமாகவே இல்லை. உனக்கு எழுதுனது எல்லாம் பொய்யி. இனிமேலும் ஆகாதாமா. அன்னைக்கு மண்டபத்துலயும் வாசல்ல நிக்கறப்பவே முடியல. வந்தவங்களை எல்லாம் வாங்க வாங்கன்னு சொல்லி முடிக்கறப்ப, பாப்பாவை மடியில வெக்க எங்கிட்ட ஒண்ணுமே மிச்சம் இல்லை."

போனுக்குள்ள தறி ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு, டக்கு டக்குன்னு. அப்பறம் கேட்டா, "தறிச்சத்தம் தலையில ஏறுதுங்களாண்ணா?"

"ஆமா கண்ணு. ஏறுது." வாழ்க்கையில மொதத் தடவையா ஆமான்னு சொன்னேனுங்க.

"ஏனுங்க, சித்தெ தறியை நிறுத்துங்க, அண்ணன் லைன்ல இருக்காரு!"ன்னு கத்தினா. ஒவ்வொரு தறியா நின்னுச்சு. தூரத்துல மாப்பிள்ளை குரலு, "கரண்ட் போயிருச்சுங்க மச்சான்! நீங்க பேசுங்க!"

அந்த அமைதியில அவ மூக்கை உறிஞ்சறது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

"இந்த ஒரு வார்த்தையை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்களாண்ணா?"ன்னா. "வாசல்ல நிக்கறதுக்கு ஊர்ல ஆளா இல்லை? நானே நின்னு எல்லாத்தையும் வாங்கன்னு கேட்டிருப்பனே. எனக்கு நீங்க மடிக்குத்தானேங்ணா வேண்டியிருந்துச்சு."